மெட்டும் முகப்பும்

ஆண்டாள் பாசுரங்கள் பிறந்த திருவில்லிபுத்தூரில் ஏடும் ஓதுதலும் நெடுங்காலம் பாட்டைக் காத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரும் அண்டையிலுள்ள இராசபாளையமும் அடங்கிய தென்பாண்டி வட்டாரத்தில் அச்சும் அப்பணியில் பங்கேற்றது. மலிவான தாளில், சிலவே பக்கங்களில், அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகமே அதன் வடிவம்.

அக்காலத்து மேலைநாடுகளில், பியானோ இருந்த இல்லங்களுக்கென, வண்ணக் கல்லச்சு முகப்புடன் இசைக்குறியீட்டுத் தாள்கள் விற்பனையாயின. தமிழ்நாட்டிலும் குறியீட்டு நூல்கள் இல்லாமற் போகவில்லை. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. எனினும் தெலுங்கில் அமைந்த அப்பெருநூல் வித்துவான்களுக்கு உரியது. தெருவில் பாடியவனுக்குக் குறியீடு வேண்டியிருக்கவில்லை. பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்னும் ஒரு வரியே போதுமானதாயிற்று.

அவ்வரி கவிஞர் எண்ணிப் பார்க்கத் தக்கது. தெரிந்த பாட்டின் தோளில் தெரியாத பாட்டு ஏறிச் சென்றது. 1891இல் மறைந்த சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, பின்வந்தோர் பலருக்கு அவ்வாறு தோள் கொடுத்தது. ஆயின் இம்முறையில் ஓர் இடரும் உண்டு. மூலப்பாட்டு மறக்கப்படின், அதன்மேல் கட்டிய பாட்டும் ஊமையாகிவிடும்.

முகப்பின் பணி வேறு. பூவேலைக் கரையும் பெரிய எழுத்துத் தலைப்பும் வாங்குவோரை அழைத்தன. நடிகரின் நிழற்படம் இடம்பெற்றபோது, மேடையை எட்ட நின்று கண்டவர்க்கு அம்முகம் கைக்கெட்டியது. பாடலாசிரியர் பெயரும் ஊரும், விலையும் ஆங்கே நின்றன. அச்சகத்தின் பெயரையும் இடத்தையும் நூலில் குறித்தாக வேண்டும் என 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது.

விடுதலைப் போர்க்காலத்தில் அக்குறிப்பே காவலருக்குத் தடயமாயிற்று. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் மேடையில் தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940இன் இறுதி நாளில் மேடையிலேயே உயிர்நீத்தார். அத்தகைய நடிகர்களுக்குப் பாடல்கள் எழுதித் தந்தவர் நாகலாபுரத்தில் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ். ஆட்சியை எதிர்த்த பாட்டுடன் தம் பெயரை அச்சிட இசைவது அந்நாளில் சிறு துணிவன்று.

1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்திற்கும் பாஸ்கரதாஸ் பாடல்கள் எழுதினார். பேசும்படம் வளர வளரப் பாட்டுப் புத்தகம் நாடகக் கொட்டகை வாயிலிலிருந்து திரையரங்கு வாயிலுக்குப் பெயர்ந்தது. கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் அதனுள் சேர்ந்தன.

இத்தகைய புத்தகங்களை அறிஞர் பலர் குஜிலிச் சரக்கு என்று புறந்தள்ளினர். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' போன்ற ஆய்வுகள் அவற்றுக்கு வரலாற்றில் இடம் தேடித் தந்துள்ளன. ஆயினும் கைபட்டுக் கைபட்டு முதலில் கிழிவது முகப்பே. அதனோடு ஆசிரியர் பெயரும், ஊரும், அச்சகமும் மறைகின்றன. எஞ்சிய பாட்டு அநாதையாகிறது.

பி. எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு ஈந்த ஊர் இராசபாளையம். கலைக்கு வீடு தந்த ஊரில், பழந்தாளுக்கு ஓர் அலமாரி கிடைக்காமற் போகாது. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தினர் தத்தம் வீட்டுப் பரணைத் துழாவினால், முகப்போடு கூடிய ஒரு புத்தகமேனும் வெளிப்படலாம். மெட்டறிந்த முதியோர் இருக்கும்போதே அதைப் பாடச் சொல்லிப் பதிவு செய்தல் வேண்டும். பெயர் இழந்த ஒரு கவிஞருக்குப் பெயரை மீட்டுத் தருவதினும் சிறந்த விழாப் பரிசு வேறில்லை.