மகளுக்கும் மண் உண்டு

பாட்டன் தேடிய நிலத்திலே பேரனுக்குப் பங்கு உண்டு, பேத்திக்கு இல்லை! தந்தையின் வீட்டிலே மகனுக்கு உரிமை உண்டு. மகளுக்கு விருந்தாளியின் பாய்தான் உண்டு! இது நீதியா என்று கேட்டால், சாத்திரம் அப்படி என்றனர். சாத்திரத்தை எழுதியவர் யார் என்று கேட்டால், கேட்டவனை நாத்திகன் என்றனர். வழக்கு அத்தோடு முடிந்தது ஒரு காலம். இன்று முடியாது, சட்டம் மாறியிருக்கிறது. அது எப்படி மாறிற்று, எத்தனை காலம் பிடித்தது, மாறிய பின்னும் குடும்பத்திலே நடப்பது என்ன என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில், விஞ்ஞானேசுவரர் என்பார் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு ஓர் உரை எழுதினார். மிதாட்சரம் என்பது அதன் பெயர். வெள்ளையர் ஆட்சியில் நீதிமன்றங்கள் அதனைத் தூக்கிப் பிடித்தன. வங்காளம் போன்ற சில பகுதிகள் நீங்கலாக, நாட்டின் பெரும்பகுதிக்கு அதுவே இந்துச் சட்டமாயிற்று. அதன் விதி என்ன? ஆண் பிறக்கும்போதே மூதாதையர் சொத்தில் பங்காளியாகப் பிறக்கிறான். பெண் அவ்வாறு பிறப்பதில்லை. தொட்டிலில் கிடக்கும் இரு குழந்தைகளில் ஒன்று உரிமையாளர். மற்றொன்று செலவுக் கணக்கு!

இந்த அநீதியை எதிர்த்து, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் பெண்ணுக்கு வேண்டும் எனத் தீர்மானித்தது. தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே எத்தனை மேடு பள்ளங்கள்! 1937-இல் வந்த சட்டம் கைம்பெண்ணுக்கு ஓரளவு உரிமை தந்தது; அதுவும் வாழும் நாள் வரைக்குமே. மகளை அது கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. விடுதலைக்குப் பின் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். வைதிகம் வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தது. மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு வந்தது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பெண் தன் கைக்கு வந்த சொத்துக்கு முழு உரிமையாளர் என்றது. அது பெரும் முன்னேற்றமே. ஆனால் மிதாட்சரப் பங்காளி முறையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. விளைவு என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூதாதையர் நிலம் 12 ஏக்கர். தந்தை, ஒரு மகன், ஒரு மகள். தாய் முன்பே மறைந்துவிட்டாள். பாகம் பிரிக்காமல் தந்தை இறக்கிறார். முதலில் தந்தைக்கு 6, மகனுக்கு 6 என ஏட்டளவில் பிரிப்பர். பின்பு தந்தையின் 6 ஏக்கர் மகனுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். முடிவில் மகனுக்கு 9, மகளுக்கு 3! சமத்துவம் என்ற பெயரில் கால் பங்கு! குடியிருக்கும் வீட்டிலோ, ஆண் வாரிசுகள் பிரிக்க விரும்பும் வரை பெண் பாகம் கேட்கவும் முடியாது.

இந்தக் கோணலை முதலில் நிமிர்த்த முனைந்தவை மாநிலங்களே. கேரளம் 1975-இல் கூட்டுக்குடும்பச் சொத்து முறையையே ஒழிக்கச் சட்டம் செய்தது. ஆந்திரம் 1986-இல் மகளையும் பங்காளியாக்கிற்று. தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி ஆட்சியில் வந்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டவடிவம் பெற 60 ஆண்டுகள்! எனினும் அந்த நாளுக்கு முன் மணமானவர்க்கு அது பொருந்தவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு என்றாயிற்று.

2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய திருத்தம் மணமானவள், மணமாகாதவள் என்ற பேதத்தை நீக்கிற்று. வீட்டைப் பற்றிய தடையையும் அகற்றிற்று. அப்போதும், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு எழுந்தது. ஆம் என்றது உச்சநீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2020 ஆகஸ்டு 11-இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதனை மாற்றினர்: உரிமை பிறப்பால் வருவது, தந்தை இருந்தாரா இறந்தாரா என்பது அதற்குத் தடையன்று. வாய்மொழியாக அன்றே பாகம் பிரித்துவிட்டோம் என்பாரின் வாதத்தையும் எளிதில் ஏற்கலாகாது என்றனர். நாம் பார்த்த 12 ஏக்கரில் இன்று மகனுக்கு 6, மகளுக்கு 6.

அப்படியானால் போர் முடிந்ததா? இல்லை! சட்டம் கொடுத்ததை விடுதலைப் பத்திரம் பறிக்கிறது. தந்தை மறைந்த துயரம் ஆறுமுன்னே சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தங்கை அழைக்கப்படுகிறாள். "உனக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்கின்றனர். வரதட்சணை 1961-லேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்ட அதுவே இங்கே பங்குக்கு ஈடாகக் காட்டப்படுகிறது! கையெழுத்திட மறுத்தால் தாய்வீட்டு வாசல் மூடிவிடுமோ என்ற அச்சம். எனவே ஒப்பமிடுகிறாள், அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டுகிறோம்.

மகளுக்குக் கொடுத்தால் நிலம் துண்டாகும், குடும்பம் குலையும் என்பாரும் உளர். நான்கு அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டுப் பிரித்துக்கொள்ளும்போது துண்டாகாத நிலம், தங்கை வந்து நின்றதும் துண்டாகிவிடுமா? மகன் கேட்டால் உரிமை, மகள் கேட்டால் பேராசையா? பங்கு கையில் உள்ள பெண், கணவன் கைவிட்டாலும் தெருவில் நிற்கமாட்டாள். புகுந்த வீட்டின் கொடுமையைத் தாங்கித்தான் தீரவேண்டும் என்ற நிலையும் அவளுக்கு இராது. இதனால் குடும்பம் குலையாது, குலைவது அடிமைத்தனமே.

மேடையிலே பெண் விடுதலை பேசும் இளைஞர் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுதான். உங்கள் கொள்கைக்குச் சோதனை மாநாட்டுப் பந்தலில் அன்று, பத்திரம் எழுதுவோர் மேசையில்தான் நடக்கும். தங்கையின் விரல் ரேகையைக் கேட்காதீர். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவள் பெயரை உங்கள் பெயருக்கு நேராக எழுதுங்கள். பட்டாவிலும் அவள் பெயர் ஏறச் செய்யுங்கள். செங்கற்பட்டிலே கேட்ட நீதி, அன்றுதான் நம் வீட்டுக்குள் நுழையும்.