லாரி வழியாக வந்த டர்போ

மந்தைவெளியில் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். சோழவரம் ரேஸுக்குப் போகிற பத்மினி, ஹெரால்டு வண்டிகளின் சிலிண்டர் ஹெட் எங்கள் மேசைக்கு வரும். டர்போ என்பதை நான் முதலில் தொட்டது அந்த வண்டிகளில் இல்லை, லாரி இன்ஜினில்தான்.

சோழவரம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். வேகம் வேண்டுமென்றால் கார்புரேட்டரைப் பெரிதாக்கு, போர்ட்டைத் தேய்த்துப் பாலிஷ் போடு, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷனை ஏற்று. வேறு வழி கிடையாது. சீவுவது பெரிய வித்தையில்லை, எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி முறுக்கி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுவோம். பிறகு கழற்றி, வால்வு அழுத்திய இடத்தில் களிமண் எவ்வளவு கனம் மிச்சம் என்று வெர்னியரில் பார்ப்போம். மெலிந்திருந்தால் அதிக ஆர்பிஎம்மில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

புகைபோக்கி வழியே வீணாகும் சூட்டுக்காற்றால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனைச் சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூஹி 1905இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கார் டர்போவோடு கடைக்கு வந்தது. ஆனால் நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடிப்பதை, அடக்க அதற்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிவர வேண்டியிருந்தது. அவர்கள் பெட்ரோலுக்கே அந்தக் கதி. எண்பதுகளில் எங்கள் பங்க்குகளில் ஓடியது 87 ஆக்டேன். அதில் காற்றைத் திணித்தால் ஸ்பார்க் மூட்டிய தீ பரவுமுன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். கார்புரேட்டருக்கோ பூஸ்ட் ஏறியது தெரியவே தெரியாது. தொழிலதிபர் விஜய் மல்லையா சோழவரத்தில் ஓட்டிய என்சைன் ஃபார்முலா ஒன் காரிலும் டர்போ இல்லை.

டீசலில் இந்தத் தொல்லை கிடையாது. அழுத்தப்படுவது வெறும் காற்று; டீசல் கடைசியில்தான் பாய்கிறது. லாரிக்கு டர்போ வந்தது அதனால்தான்; டர்போ தயாரிக்கும் டி.வி.எஸ். குழுமத்தின் டர்போ எனர்ஜி 1982இல் தொடங்கியது. ரிப்பேருக்கு வந்த டர்போவைப் பிரித்தால் அதன் தண்டு ஓடும்போது ஆயில் படலத்தில் மிதக்கும்படி அமைந்திருப்பது தெரியும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான். ஓடிவந்த சூட்டோடு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால் அந்த ஆயில் கரியாகிவிடும். இதை எத்தனை டிரைவர்களிடம் சொல்லியிருப்பேன்! கேட்டவர்கள் குறைவு.

2002இல் ஹூண்டாய் ஆக்சென்ட் சிஆர்டிஐ டீசல் கார் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தயாரான வண்டி. டர்போவும் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரும் கம்பெனியிலிருந்தே மாட்டியிருந்தன. வெளிநாட்டுப் பட்டறைக்காரர்கள் முதலில் டர்போவை மாட்டி, பிறகு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார்கள். நம்மாட்களுக்கு மாட்டுகிற வேலையே இல்லை, மாற்றுகிற வேலை மட்டும்தான். முதலில் வந்தது டியூனிங் பாக்ஸ். டீசல் குழாயின் அழுத்தம் (ரெயில் பிரஷர்) குறைவு என்று அது பொய் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஏமாற்று வேலைதான், ஆனால் வண்டி பறந்தது. கிளட்ச் வழுக்கியபோதுதான் சிலருக்குப் பணத்தின் அருமை தெரிந்தது. பிறகு லேப்டாப்பைச் சொருகி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கான மேப்பையே திருத்தும் பையன்கள் வந்தார்கள். பெட்ரோல் காரில் வெளியிலிருந்து டர்போ மாட்டுகிற துணிச்சல் அதற்கப்புறம்தான்.

ஆனால் இப்படித் திருத்துவதற்குக் குறுக்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. மாட்டிய டர்போவும் அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் பானெட்டைத் தூக்கினால் தெரிந்துவிடும். மேப் தெரியாது. அதனால்தான் பட்டறைகள் இன்று மேப்பை விற்கின்றன. டர்போ கிட் கேட்டு வருகிறவனை, டிராக்குக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகின்றன.