ஃபிங்கோலிமோட்: முதல் வேளையின் ஆறு மணி நேரம்

ஃபிங்கோலிமோட், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு வாய்வழியாகத் தரப்படும் மருந்து. 2010 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி வழங்கியது. நோயின் போக்கை மாற்றும் மருந்துகளில் அந்த நாட்டில் விழுங்கக் கிடைத்த முதல் மருந்து இதுதான். நோவார்ட்டிஸ் நிறுவனம் இதை ‘கிலென்யா’ என்ற பெயரில் விற்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம், ஒரே ஒரு கேப்சூல். சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். ஆனால் முதல் கேப்சூலை மட்டும் வீட்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியுள்ள இடத்தில், மருத்துவப் பணியாளர்களின் கண்முன்னே அதை விழுங்கிவிட்டு ஆறு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும்.

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களே தாக்குவதால் வருவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். ஒரு கண் திடீரென மங்கும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. பெரும்பாலோருக்கு 20 முதல் 40 வயதுக்குள், அதாவது படிப்பும் வேலையும் குடும்பமும் ஒன்றாகத் தோளில் ஏறும் காலத்தில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. 2020இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 28 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள்.

அமெரிக்காவில் 1993இல் இன்டர்ஃபெரான் பீட்டா வந்தபோதுதான் நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்து கிடைத்தது. அது ஊசி மருந்து. தயாரிப்பைப் பொறுத்து ஒன்றுவிட்டு ஒருநாளோ வாரம் ஒருமுறையோ குத்திக்கொள்ள வேண்டும். குத்திய இடம் சிவந்து வீங்கும். இரவில் குளிர் நடுக்கம், உடம்பு வலி. பிறகு வந்த கிளாடிராமரும் ஊசிதான். வருடக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் மாறி மாறிக் குத்தியே சலித்துப்போனவர்களுக்கு, ஒரு கேப்சூல் வருகிறது என்ற செய்தி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கேப்சூலின் பிறப்பிடம் ஒரு பூஞ்சை. ‘இசாரியா சின்கிளேரி’ என்ற அந்தப் பூஞ்சை சிள்வண்டின் இளம்பருவத்தைத் தொற்றி வளர்வது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு உதவும் சைக்லோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்ததால், பூச்சிகளில் வளரும் அதன் உறவுப் பூஞ்சைகளிலும் எதிர்ப்பாற்றலை அடக்கும் பொருள் இருக்கக்கூடும் என்று கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ ஃபுஜிட்டா தேடினார். மிரியோசின் கிடைத்தது. வீரியம் மிக்கது, ஆனால் நச்சுத்தன்மையும் கூடுதல். அதன் மூலக்கூறை எளிமையாக்கி 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியதே எஃப்டிஒய்720. ஃபுஜிட்டா, தைட்டோ, யோஷிடோமி என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகள் அவை. பின்னிரண்டும் அவரோடு சேர்ந்து உழைத்த நிறுவனங்கள்.

முதலில் இதைச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குத்தான் சோதித்தார்கள். ஏற்கெனவே கையில் இருந்த மருந்துகளைவிட இது மேலானது என்று நிரூபணமாகவில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில்தான் அது தன் இடத்தைக் கண்டது.

செயல்படும் விதமும் புதுமையானது. ஃபிங்கோலிமோட் வெள்ளணுக்களைக் கொல்வதில்லை. எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு ரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம், நிணநீர்க் கணுக்களுக்குள் குறைவு. இந்த வேறுபாட்டை மோப்பம் பிடித்துத்தான் லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளணுக்கள் கணுவை விட்டு வெளியேறுகின்றன. மருந்து அவற்றின் எஸ்1பி ஏற்பியை அணுவுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கிறது. வழி தெரியாத லிம்போசைட்டுகள் கணுவிலேயே தங்கிவிட, மூளைக்குள் புகுந்து தாக்கும் கூட்டம் சிறுத்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கை பழைய அளவில் 20 முதல் 30 சதவீதமாக இறங்கியிருக்கும். அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அளவுக்கு மீறி இறங்காமல் பார்த்துக்கொள்வது மருத்துவரின் பொறுப்பு.

பலன் கண்கூடானது. 1,272 பேர் பங்கேற்ற ‘ஃப்ரீடம்ஸ்’ ஆய்வில், போலி மருந்து எடுத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.40 முறை தாக்குதல் வந்தது, 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 0.18. வாரம் ஒருமுறை போடும் இன்டர்ஃபெரான் ஊசியோடு ஒப்பிட்ட ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ ஆய்வில் ஊசிக்கு 0.33, கேப்சூலுக்கு 0.16. ஆனால் அதே ஆய்வில், 1.25 மில்லிகிராம் பெற்ற இருவர் ஹெர்பீஸ் வகை வைரஸ் தொற்றால் இறந்தனர். அவற்றில் ஒன்று சின்னம்மை வைரஸ். அந்த உயர் அளவு சந்தைக்கு வரவேயில்லை.

முதல் நாள் காத்திருப்புக்குக் காரணம் இதயம். லிம்போசைட்டில் இருக்கும் அதே வகை ஏற்பி இதயத் தசையிலும் உண்டு. மருந்து அதைத் தொட்டவுடன், முடங்குவதற்கு முன் ஏற்பி சற்று நேரம் தூண்டப்படுகிறது. அப்போது நாடித் துடிப்பு குறைகிறது. ஒரு மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்கும். நாலைந்து மணி நேரத்தில் அடிமட்டத்தைத் தொட்டு மெல்ல ஏறும். பெரும்பாலோருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. சிலருக்குத் தலைசுற்றும், களைப்பாக இருக்கும். வெகு சிலருக்கு இதயத்தின் மின்கடத்தலில் தடை வரும்.

எனவே அந்த நாள் இப்படி நகரும்: காலையில் ஒரு ஈ.சி.ஜி., ரத்த அழுத்தம், பிறகு கேப்சூல். அதன்பின் மணிக்கொரு முறை நாடியும் அழுத்தமும். ஆறாம் மணி நேர முடிவில் மீண்டும் ஈ.சி.ஜி. நாடி நிமிடத்துக்கு 45க்குக் கீழே இருந்தாலோ, அன்றைய மிகக் குறைந்த அளவே அந்தக் கடைசி நேரத்தில்தான் பதிவானாலோ வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். இறக்கம் இன்னும் முடியவில்லை என்று பொருள். சிலர் இரவு தங்க நேரிடும். அமெரிக்காவில் முதல் வேளை எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஒருவர் இறந்த செய்தி 2011 டிசம்பரில் வெளிவந்தது. மருந்துதான் காரணமென்று உறுதியாகவில்லை. ஆனாலும் அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டும் 2012இல் விதிகளை இறுக்கின. கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்த மருந்து கிடையாது. பீட்டா பிளாக்கர், டில்டியாசெம் போன்றவற்றை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைதானே என்று பலர் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

தொடங்கும் முன்னரே வேறு பரிசோதனைகளும் உண்டு: ரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கண் மருத்துவரின் பார்வை. சின்னம்மை வந்ததா, தடுப்பூசி போட்டதா என்பது தெளிவாகத் தெரியாவிட்டால் எதிர்ப்பொருள் சோதனை செய்வார்கள். எதிர்ப்பொருள் இல்லையென்றால் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் பொறுத்தே மருந்து. விழித்திரையின் மையத்தில் நீர் கோக்கும் பாதிப்பு சிலருக்கு வருவதால் மூன்று, நான்கு மாதத்தில் கண்ணை மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

அதிகம் பேசப்படாதது மருந்தை நிறுத்துவது பற்றித்தான். மாத்திரை தீர்ந்தது, வாங்கப் போக முடியவில்லை, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ஊசியை விட்டதுபோல் இதை விடக் கூடாது. கணுக்களில் அடைபட்டிருந்த லிம்போசைட்டுகள் ஓரிரு மாதத்தில் ரத்தத்துக்குத் திரும்பும்போது நோய் முன்பைவிடக் கடுமையாகச் சீறலாம். மருந்தை நிறுத்திய பின் 2 முதல் 24 வாரத்துக்குள் உடல் இயக்கம் மோசமாகச் சரிந்த 35 பேரைப் பற்றி 2018 நவம்பரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் இரண்டு மாதம் முன்பே மருந்தை நிறுத்த வேண்டியிருப்பதால், அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்று நரம்பியல் மருத்துவரோடு முதல் சந்திப்பிலேயே பேசிவிடுவது நல்லது. தொடங்கிய முதல் இரு வாரத்தில் ஒரே ஒரு நாள் விட்டாலும், ஒரு மாதம் கழிந்தபின் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டாலும் ஆறு மணி நேரக் கண்காணிப்பு மறுபடி முதலிலிருந்து.

அடுத்தடுத்து வேறு வாய்வழி மருந்துகளும் வந்தன. டெரிஃப்ளூனோமைடு 2012இல், டைமெத்தில் ஃபூமரேட் 2013இல். பின்னதில் முகம் சிவந்து சூடேறுவது பெரிய தொல்லை. சாப்பாட்டோடு போட்டால் குறையும். 2019இல் வந்த சிபோனிமோடு, ஃபிங்கோலிமோட் குடும்பமே. அளவைச் சில நாள் படிப்படியாக ஏற்றுவதால் பெரும்பாலோருக்கு முதல் நாள் கண்காணிப்பு வேண்டியதில்லை. ஆனால் மரபணுச் சோதனை வேண்டும்.

ஃபிங்கோலிமோட்டின் முதல் ஜெனரிக் வடிவங்களுக்கு 2019 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தபோது, மூன்று நிறுவனங்களில் இரண்டு இந்தியாவைச் சேர்ந்தவை: பயோகான், சன் ஃபார்மா. அதற்கு முந்தைய ஆண்டே 10 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் கிலென்யாவைத் தர அனுமதி கிடைத்திருந்தது. 40 கிலோவும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 0.25 மில்லிகிராம். எடை கூடி 0.5க்கு மாறும் நாளில் அந்தப் பிள்ளை மறுபடியும் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.