பழந்தட்டும் புதுச்செவியும்

இந்திய இசைத்தட்டின் வரலாறு 1902-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அவை ஜெர்மனியில் ஹானோவர் நகரில் தட்டுகளாக அச்சாகிக் கப்பலில் திரும்பி வந்தன. பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பார். தொலைநாட்டில் தட்டு அச்சிடுவோர் பாடியவர் இன்னாரென அறிய அது உதவிற்று. 1908-இல் கல்கத்தா சியால்தாவிலேயே தொழிற்சாலை அமைந்தது. 1928-இல் அது டம்டமுக்கு மாறியது.

அரக்குக் கலவையால் ஆன அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும்; ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். 1950-களின் இறுதியில் நெடுநேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டு இந்நாட்டுக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தோடு அரக்குத் தட்டின் காலம் முடிந்தது. பின்னர் ஒலிநாடா பெருகவே, எல்.பி.யும் வீட்டுக்குச் சுமையாயிற்று. இவ்வாறு கழிக்கப்பட்ட தட்டுகள் மும்பையின் சோர் பஜாரிலும் கல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் குவிந்தன.

அக்குவியலின் பயன் யாது? புதுத்தட்டு வாங்குவோன் தனக்குத் தெரிந்த பெயரையே தேடுவான். அரிதாகச் செலவிடும் பணத்தை அறியாத பாடகர்மேல் வைக்க அவன் மனம் துணியாது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழந்தட்டிலோ இழப்பதற்கு ஒன்றுமில்லை. அறியாததை வாங்கும் துணிவை மலிவே தந்தது. மூன்று நிமிடப் பாட்டு மறுமுறையும் கேட்கத் தூண்டும். பத்தாம் முறை கேட்கையில் மொழி விளங்காவிடினும் இசை உறவாகிவிடும். அயல்மாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு இது பெரும் பேறு. அண்டை வீட்டாரின் இசையை அறிய இலக்கணமோ, அரங்கின் நுழைவுச் சீட்டோ அவர்க்குத் தேவைப்படவில்லை.

அப்துல் கரீம் கானின் தட்டுகளே இதற்குத் தக்க சான்று. வடக்கே கைரானாவில் பிறந்த அப்பெருமகனார், தியாகராஜரின் கரஹரப்ரியா கிருதி ஒன்றையும் தட்டில் பாடியுள்ளார். நமக்கு அயலான குரல் ஒன்றில் நமது இராகத்தைக் கேட்பது வியப்பே. 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், சிங்கப்பெருமாள்கோயில் இரயில் நிலையத்தில் அவர் உயிர் நீத்தார். வடபுலத்து இசைவாணரின் இறுதி மூச்சைத் தமிழ் மண் ஏற்றது. அவர் பாடிய ஒரு தும்ரித் தட்டைக் கடையில் கேட்டு உள்ளம் பறிகொடுத்த சிறுவன், 1933-இல் பதினோராம் வயதில் குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டான். அவனே பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பீம்சேன் ஜோஷி. ஒரு தட்டின் ஆற்றல் அத்தகையது.

இதன் மறுபக்கமும் சிந்திக்கற்பாலது. சேலம் கோதாவரி, கிட்டப்பா, இராஜரத்தினம் பிள்ளை ஆகியோரின் தட்டுகளும் நம் முன்னோரின் பெட்டிகளில் இரயிலேறி வந்தவையே. வீடு மாறும்போதும் பெரியவர் மறையும்போதும் அவை எடைக்குப் போகின்றன. கடைக்குச் சென்ற தட்டு மராத்தியர் ஒருவர்க்கோ வங்காளியர் ஒருவர்க்கோ தோடியை அறிமுகம் செய்யக்கூடும். அதில் வருத்தத்திற்கு இடமில்லை. உடைந்து குப்பையில் சேர்ந்த தட்டோ எவர்க்கும் பாடாது. பழைய தட்டுகளில் சிலவற்றுக்கு எஞ்சியுள்ள படி ஒன்றிரண்டே. இக்குறையை உணர்ந்தே 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றிற்று.

ஆகவே தட்டைக் கழிக்குமுன் அதன் நடுவிலுள்ள தாளைப் படியுங்கள். பாடியவர் பெயரையும் தட்டின் எண்ணையும் குறித்து வையுங்கள். வைத்திருக்க இயலாவிடில், கேட்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். பிறர் கழித்த தட்டுகளால் செவிச்செல்வம் பெற்ற நாம், நம்முடையவற்றையும் பிறர் செவிக்கு வழிவிட்டுச் செல்வதே நன்றியாகும்.