இலவச வரைபடமும் கட்டற்ற வரைபடமும்: புவிப்புதையல் விளையாட்டின் வழியே ஒரு வரலாறு

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரு சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. விலையின்றிக் கிடைப்பது ஒரு பொருள். தளையின்றி இருப்பது மற்றொரு பொருள். தமிழ் இவ்விரண்டையும் பிரித்தே வழங்குகிறது. முன்னது இலவசம், பின்னது கட்டற்றது. இவ்வேறுபாடு சொல்லாய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. மின்னிலக்க வரைபடத்தைக் கொண்டு ஒரு நடைப்பயணத்தைத் திட்டமிடும் மாணவர்க்கும் அது பயன்படும். ஜியோகேச்சிங் எனப்படும் புவிப்புதையல் விளையாட்டின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம்.

விளையாட்டின் விதி எளிது. ஒருவர் சிறு பெட்டியொன்றில் குறிப்பேட்டை வைத்து ஓரிடத்தில் மறைக்கிறார்; அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுகிறார். பிறர் ஜிபிஎஸ் கருவியின் துணையுடன் அதனைத் தேடிக் கண்டு, குறிப்பேட்டில் பெயரெழுதி, பெட்டியை இருந்தவாறே வைத்துத் திரும்புகின்றனர்.

ஒரே மாதத்தில் இரண்டு அறிவிப்புகள்

1983ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். படைத்துறைக்கென உருவாகிக்கொண்டிருந்த ஜிபிஎஸ் அமைப்பு நிறைவுற்றதும் அது பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அம்மாதமே அறிவித்தது. அதே செப்டம்பர் 27ஆம் நாள் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். எவரும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்குவதே அதன் நோக்கம். முன்னது அரசு தந்த கொடை. பின்னது பயனர்கள் தமக்கென ஆக்கிக்கொண்ட உரிமை. ஒன்றோடொன்று தொடர்பற்றுப் பிறந்த இவ்விரண்டும் பின்னாளில் புவிப்புதையல் தேடுவோர் கையில் ஒன்றுசேர்ந்தன.

அரசின் கொடையில் ஒரு தளை இருந்தது. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டதால், கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை விலகக்கூடும். அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர்ந்தது. மே 3ஆம் நாள் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் நூல்கள், மென்பொருள், உணவு, கவண் முதலியவற்றை ஒரு கறுப்பு வாளியில் இட்டு மறைத்து, இடத்தின் எண்களை வெளியிட்டார். சில நாள்களில் மைக் டீக் என்பவர் அதனைக் கண்டறிந்தார்.

தொடக்கத்தில் இவ்விளையாட்டு ‘ஸ்டாஷ்’ வேட்டை எனப்பட்டது. அச்சொல்லில் போதைப்பொருளை ஒளித்துவைக்கும் பொருட்சாயல் இருந்தது. ஆகவே அம்மாத இறுதியில் மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். மறைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியிலிருந்து பிறந்தது ‘கேச்’. வட அமெரிக்காவில் விலங்குத்தோல் தேடிச் சென்ற வேட்டுவர் உணவைப் புதைத்துவைத்த இடத்தை அச்சொல் குறித்தது. இழிபொருட் சாயல் தவிர்த்து வேறொரு சொல்லைத் தேர்வது எல்லா மொழிகளிலும் காணப்படும் வழக்கமே.

எண்ணும் வழியும்

உல்மர் வெளியிட்ட எண்கள் வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலை என்பன. அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ 1,852 மீட்டர். எனவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் 1.85 மீட்டர் மாறும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீர்க்கரேகைக்கும் ஏறத்தாழ இதே கணக்கு பொருந்தும். ஓரிகனில் அது 1.3 மீட்டராகச் சுருங்கும்.

ஆயினும் எண் வழியாகாது. ஆற்றின் அக்கரையில் இருக்கும் பெட்டி 200 மீட்டரில் உள்ளது எனக் கருவி காட்டும். பாலமோ இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். எண்ணை வழியாக்குவதற்குக் கோப்பு, கருவி, வரைபடம் மூன்றும் வேண்டும்.

கோப்புக்குரிய பொதுவடிவமாக ஜிபிஎக்ஸ் 2002இல் வெளிவந்தது. அது இடப்புள்ளி, திட்டவழி, நடந்த தடம் என மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது. இலக்கணம் பயின்றோர்க்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும்: திட்டவழி எதிர்காலம், தடம் இறந்தகாலம். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் தனக்கென ஒரு வடிவத்தைக் கொண்டிருந்தது. அவற்றிடையே மொழிபெயர்ப்பாளராக அமைந்தது, ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல் என்னும் கட்டற்ற மென்பொருள். ஓரிடத்திலிருந்து குறித்த தொலைவுக்குள் உள்ள புள்ளிகளை மட்டும் அது பிரித்தெடுக்கும். நாம் செல்லவிருக்கும் வழியை ஒட்டியவற்றை மட்டும் தெரிவுசெய்யும். இருமுறை வந்தவற்றை நீக்கும். அவ்வாறு சலித்த புள்ளிகளை, கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் வரைபடத்தின்மேல் இட்டு, நடைபாதையும் பாலமும் பார்த்துத் திட்டவழியை வரையலாம். நடந்து திரும்பியபின் தடத்தையும் அதன்மேல் இட்டால் எண்ணியதும் நிகழ்ந்ததும் எங்கே வேறுபட்டன என்பது புலப்படும்.

வரைபடம் யாருடையது?

மூன்றாவது தேவையான வரைபடமே கடினமானது. பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனம் 1791இல் தொடங்கியது. அதன் வரைபடத் தரவைப் பயன்படுத்தக் குடிமக்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. இந்நிலையில் 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் லண்டனில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர் தாம் நடந்த தடங்களைப் பதிவுசெய்து, அவற்றின்மேல் சாலைகளை வரைந்து, பெயரிட்டுப் பொதுவில் வைத்தனர். 2010இல் அவ்வரசு நிறுவனமும் தன் தரவுகளில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது.

இலவசத்துக்கும் கட்டற்றதற்கும் உள்ள வேறுபாடு 2012இல் வெளிப்பட்டது. அதுவரை ஜியோகேச்சிங்கின் முதன்மைத் தளம் கூகுள் வரைபடத்தைப் பயன்படுத்திவந்தது. மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்குக் கட்டணம் உண்டு எனக் கூகுள் அறிவித்ததை அடுத்து, அத்தளம் 2012 பிப்ரவரியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறியது. விலை கேட்பது கூகுளின் உரிமை. அதில் குறை காண்பதற்கில்லை. இலவசம் என்பது கொடுப்பவரின் விருப்பம் என்பதையே இது காட்டுகிறது. கட்டற்ற உரிமத்தில் வெளியான தரவோ, ஒருவர் மனம் மாறினும் பொதுவிலேயே நிற்கும். கட்டற்றது என்பது பொறுப்பற்றது என்பதன்று. மூலத்தைக் குறிப்பிட வேண்டும். திருத்திய தரவுத்தளத்தைப் பொதுவில் வெளியிடுவோர் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

பெயர் எழுதும் உரிமை

இவ்வேறுபாடு மொழியைத் தொடும் இடம் ஒன்றுண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குப் பொதுப்பெயருடன் ஒவ்வொரு மொழிக்கும் உரிய பெயரையும் பதியலாம். தமிழுக்கும் தனிக்குறி உண்டு. பினாங்கில் அருவிச் சாலையின் குன்றுக்கோயில் வட்டாரத்தைத் தமிழர் தண்ணீர்மலை என்றே வழங்குகின்றனர். இத்தகைய பெயர் முதலில் பேச்சிலேயே வாழ்கிறது. பேசுவோர் இடம்பெயர்ந்தால் பெயரும் மறையக்கூடும். இலவச வரைபடத்தில் நாம் பார்வையாளர். பெயர் சேர்க்க வேண்டுமெனில் உரிமையாளரிடம் விண்ணப்பிக்கலாம், அவ்வளவே. கட்டற்ற வரைபடத்தில் நாமே எழுதுநர்.

ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பயிற்சியாக்கலாம். மாணவர் தம் வட்டாரத்தில் ஐந்து இடங்களைத் தேர்ந்து, எண்களைக் குறித்து, திட்டவழி வரைந்து நடக்கட்டும். வழியில் முதியோரிடம் அவ்விடங்களின் தமிழ்ப்பெயரைக் கேட்டு எழுதட்டும். பெட்டி மறைப்பதாயின் நிலத்துக்கு உரியோரிடம் முன்அனுமதி பெறுதல் வேண்டும். பிற பதிப்புரிமை வரைபடங்களிலிருந்து பெயரைப் படியெடுக்கலாகாது. மேலும், நாமாகப் புனைந்த மொழிபெயர்ப்பையும் பதிதல் கூடாது. மக்கள் உண்மையில் வழங்கும் பெயரே வரைபடத்துக்கு உரியது.

ஐந்து இடங்களுக்கு ஐந்து பெயர் கிடைக்காமல் இரண்டே கிடைக்கலாம். அவ்விரண்டும் நேரில் கேட்டறிந்து, இடம் குறித்து, எவரும் சரிபார்க்கும் வகையில் பதியப்பட்டவை. பேச்சில் மட்டும் வாழ்ந்த பெயர் ஒன்றைத் தேடிக் கண்டு பொதுவில் வைப்பதும் புதையல் தேடலே.