சூடான பாணும் ஊர் வழக்கும்

உணவின் வரலாறு அரசர் வரலாற்றைப் போன்றதன்று. முடிசூடியவர்களின் வெற்றிகளைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து வைத்தன. உழைப்பவன் நண்பகலிற் பசி தீர உண்டது எதுவென எவரும் பொறித்து வைத்தாரல்லர். ஆகையினால், ஓர் உணவு எங்கே பிறந்தது, யார் கையால் முதலில் ஆக்கப்பெற்றது என்னும் வினாக்கள் எழும்போது, சான்றுகள் குறைந்தும் வழக்குகள் மிகுந்தும் காணப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் எந்த ஊரின் சூடான சான்ட்விச் சிறந்தது, அதனை எங்கே உண்ணல் வேண்டும் என்பது பற்றி நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது நாவின் சுவை பற்றிய வாதமாகவே தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், ஊர் விட்டு ஊர் வந்து கூலிக்கு உழைத்த மக்களின் கதை அதனுள்ளே பொதிந்து கிடப்பதைக் காணலாம்.

சான்ட்விச் என்னும் பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. உரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றாசிரியர் எட்வேட் கிப்பன் 1762ஆம் ஆண்டில் எழுதிய நாட்குறிப்பிலே இச்சொல் காணப்படுகின்றது. சான்ட்விச் பிரபுவாகிய ஜோன் மொன்டேகு சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி, இரு துண்டு பாணுக்கிடையில் இறைச்சியை வைத்துக் கொணரச் சொன்னார் என்பது அக்காலத்துப் பிரெஞ்சுப் பயணி ஒருவர் எழுதியதால் பரவிய கதை. கடற்படை அலுவல்களிற் பெரும் பொறுப்பு வகித்த அவர் எழுத்து மேசையிலிருந்தபடியே உண்டிருத்தல் கூடும் என்பர் பிற்கால ஆய்வாளர். எவ்வாறாயினும், அது செல்வரின் வசதிக்காக அமைந்த குளிர்ந்த உணவாகும். அதனைச் சூடாக்கி வயிறு நிறைக்கும் உணவாக மாற்றிய பெருமை பெரும்பாலும் அமெரிக்க நகரங்களின் தொழிலாளர்க்கும் சிறு கடைக்காரர்க்குமே உரியது.

இம்மாற்றத்தின் காரணத்தைச் சிக்காகோ நகரிலே தெளிவாகக் காணலாம். 1865 முதல் 1971 வரை அங்கு இயங்கிய பெருங் கால்நடைத் தொழுவங்களும் இறைச்சித் தொழிற்சாலைகளும் உலகப் புகழ் பெற்றவை. நல்ல இறைச்சி பிறர் மேசைக்குச் சென்றது. இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைகளுக்கு எட்டியது கடினமான, விலை மலிந்த துண்டுகளே. அவற்றை அவர்கள் வாசனைப் பொருள்களிட்டு மெல்ல வேகவைத்து, மிக மெல்லியதாகச் சீவி, வெந்த சாற்றிலே ஊறவைத்துப் பாணில் இட்டனர். திருமண வீடுகளிற் சிறிது இறைச்சியைக் கொண்டு பலரை உபசரிக்க இம்முறை கைகொடுத்தது என்பர். வறுமை கற்பித்த சிக்கனமே பின்னர் அந்நகரின் பெருமையாயிற்று.

சாற்றில் தோய்க்கும் இதே முறைக்கு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரு கடைகள் உரிமை கோரின. இரண்டும் 1908ஆம் ஆண்டில் தோன்றியவை. பாண் தவறிச் சாற்றுத் தட்டில் வீழ்ந்ததே தொடக்கம் என்பது ஒரு கடையின் கூற்று. பல் நொந்த ஒருவருக்காகப் பாணை மெதுவாக்கியதே தொடக்கம் என்பது மற்றையதன் கூற்று. இவ்வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பில்லை. லூயிவில் நகரின் பிரவுன் ஹோட்டலிலோ அத்தகைய ஐயம் இல்லை. 1926ஆம் ஆண்டில் இரவு நடனம் முடிந்து பசியோடு வந்தவர்களுக்காகத் தலைமைச் சமையற்காரர் பிரெட் ஷ்மிட், வான்கோழி இறைச்சியின் மேற் பாற்கட்டிக் குழம்பை ஊற்றிச் சுட்டெடுத்த உணவு அது. பெரிய ஹோட்டல்களின் கண்டுபிடிப்புக்கு ஆண்டும் பெயரும் எளிதிற் கிடைத்துவிடுகின்றன என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

நியூ ஓர்லியன்ஸ் நகரின் கதை இவையெல்லாவற்றினும் உருக்கமானது. அங்கே பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்னும் சகோதரர் இருவர் ட்ராம் வண்டிகளில் நடத்துநராக வேலை செய்து, பின்னர் 1922ஆம் ஆண்டிலே சந்தைப் பகுதியிற் சிறு கோப்பிக் கடை தொடங்கினர். 1929ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அந்நகர் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கம்பனி வெளியூர் ஆட்களைக் கொண்டு வண்டிகளை ஓட்ட முயன்றது. வீதியிற் கலகம் மூண்டது. வண்டி ஒன்று தீக்கிரையாயிற்று. நகர மக்களிற் பலர் தொழிலாளர் பக்கம் நின்று வண்டிகளில் ஏற மறுத்தனர். தம் பழைய தோழர்களை மறவாத மார்ட்டின் சகோதரர், வேலைநிறுத்தஞ் செய்வோருக்கு இலவசமாக உணவளிப்பதாகத் தொழிற்சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தனர். ஒருவர் கடை வாயிலுக்கு வருந்தோறும், “இதோ இன்னோர் ஏழைப் பையன்” என்று உள்ளிருப்போர் கூறுவராம். அச்சொல்லே உணவின் பெயராகி, ‘போ போய்’ எனத் திரிந்து வழங்கலாயிற்று என்பது அவ்வூர் மரபு. இருமுனையுங் கூம்பிய பழைய பாணை வெட்டும்போது துண்டுகள் சமமாக அமையாமையால், ஜோன் ஜென்டூசா என்ற பேக்கரிக்காரர் முனைக்கு முனை ஒரே பருமனுடைய நீண்ட பாணைச் சுட்டுக் கொடுத்தார். பெரிய துண்டு, சிறிய துண்டு என்ற வேற்றுமையின்றி எல்லார்க்கும் ஒரே பங்கு கிடைத்தது.

அதே 1929ஆம் ஆண்டிற் கொழும்பு மாநகரிலும் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தனர் என்பதையும், அது மருதானையிற் பெருங் கலகமாக மூண்டது என்பதையும் இலங்கை வரலாறு கற்றோர் அறிவர். கடல்கள் பல இடையிட்ட இரு நகரங்களில் ஒரே தொழில் செய்தோர் ஒரே ஆண்டில் வீதிக்கு இறங்கினர். நியூ ஓர்லியன்ஸ் தொழிலாளர் தாம் வேண்டிய வெற்றியைப் பெற்றாரல்லர். ஆயினும், சூடான மாட்டிறைச்சியும் அதன் குழம்பும், அல்லது பொரித்த இறாலும் சிப்பியும் நிறைந்த அந்தப் பாணின் பெயரிலே அவர்களின் போராட்டம் இன்றும் உச்சரிக்கப்படுகின்றது.

புளோரிடா மாநிலத்து டாம்பா நகருக்கும் மயாமி நகருக்கும் இடையிலுள்ள வழக்கு கியூபச் சான்ட்விச் பற்றியது. விசென்டே மார்ட்டினெஸ் இபோர் என்பவர் 1880களிலே டாம்பாவிற் சுருட்டுத் தொழிற்சாலை நிறுவினார். கியூபரும் ஸ்பானியரும் சிசிலியரும் அங்கே அருகருகே அமர்ந்து சுருட்டுச் சுற்றினர். பன்றியிறைச்சியும் பாற்கட்டியும் கடுகுக் குழம்பும் ஊறுகாயும் வைத்து, வெப்பத்தகடுகளுக்கிடையில் அழுத்திச் சூடாக்கும் உணவு இது. டாம்பாவில் இத்தாலிய முறைச் சலாமி இறைச்சியும் அதிற் சேரும், மயாமியிற் சேராது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர்ப் பெருந்தொகையாக மயாமிக்கு வந்த கியூபர், சலாமி சேர்ந்தது கியூப உணவாகாது என்கின்றனர். சிசிலியரோடு கலந்து வாழ்ந்தமைக்கு அந்தச் சலாமியே சாட்சி என்பர் டாம்பா நகரத்தார். 2012ஆம் ஆண்டில் அந்நகர சபை தீர்மானம் நிறைவேற்றித் தன் சான்ட்விச்சுக்கு அடையாளச் சிறப்பு வழங்கியது.

அத்தொழிற்சாலைகளில் நிலவிய வழக்கம் ஒன்று வானொலி நேயர்கள் அறியத்தக்கது. தொழிலாளர் தம் கூலியிலிருந்தே பணம் சேர்த்து வாசிப்பாளர் ஒருவரை அமர்த்தினர். அவர் உயர்ந்த மேடையிலிருந்து காலையிற் பத்திரிகைகளையும் பின்னர் நாவல்களையும் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதோரும் உலகச் செய்தியையும் இலக்கியத்தையும் இவ்வாறு அறிந்தனர். வாசிப்பாளர் தொழிலாளரைத் தூண்டிவிடுகின்றனர் என்று அஞ்சிய முதலாளிகள் 1931ஆம் ஆண்டில் அவர்களை நீக்கினர். அவர்கள் இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. எதனைக் கேட்பது என்று தாமே தேர்ந்த உரிமையை அன்று தொழிலாளர் இழந்தனர்.

பிலடெல்பியா நகரிலே பெற் ஒலிவியேரி என்னும் இத்தாலிய மரபினர் 1930ஆம் ஆண்டில், வாட்டிய மாட்டிறைச்சியைப் பாணில் வைத்து உண்டபோது வாடகைக் கார்ச் சாரதி ஒருவர் மணத்தால் ஈர்க்கப்பட்டுத் தமக்கும் வேண்டுமென்றார் எனக் கூறுவர். பாற்கட்டி சேர்ந்தது பின்னரே. 1966ஆம் ஆண்டில் எதிர்ப்புறத்தே இன்னொரு கடை எழுந்தது. அன்று தொடங்கிய போட்டி அந்நகரின் காட்சிகளுள் ஒன்றாயிற்று. அவ்வெதிர்க்கடையில், ஆங்கிலத்திலேயே உணவு கேட்க வேண்டும் என்ற அறிவித்தல் ஒன்று வைக்கப்பட்டது 2006ஆம் ஆண்டிற் பெரும் விவாதத்தை எழுப்பியது. அது பாரபட்சமாகாது என 2008ஆம் ஆண்டில் நகர ஆணைக்குழு தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டில் அறிவித்தல் அகற்றப்பட்டது. கடைக்காரரின் முன்னோரே சிசிலியிலிருந்து வேற்று மொழியோடு வந்து இறங்கியவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு தலைமுறையின் இன்னலை மறு தலைமுறை எவ்வளவு விரைவில் மறந்துவிடக்கூடும் என்பது புலனாகும்.

இவற்றுள் எது சிறந்தது? சாறு விரும்புவோர் சிக்காகோவையும், பொரித்த கடலுணவு விரும்புவோர் நியூ ஓர்லியன்ஸையும், மொறுமொறுப்பை விரும்புவோர் டாம்பாவையும் தேர்வர். நாவின் வழக்குக்கு நடுவர் இல்லை. ஆனால் வரலாற்றின் வழக்கு வேறு. பாண் என்ற சொல்லையே போர்த்துக்கேயரிடமிருந்து பெற்று வழங்கும் இலங்கைத் தமிழர்க்கு, உணவின் பெயரில் வரலாறு தங்கியிருத்தல் புதுமையன்று. யார் எந்த ஊரிலிருந்து வந்தனர், எத்தகைய வேலை செய்தனர், பசித்தபோது அவர்க்கு உணவளித்தவர் யார் என்பவற்றை ஏடுகள் எழுதாது விட்ட இடங்களில், ஒரு கடைத்தெரு உணவின் பெயரே அவற்றைக் காத்து வைத்திருக்கின்றது. அப்பெயரின் கதையைக் கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுதல் மூத்தோர் கடனாகும்.