பெட்டகமும் திறவுகோலும்

செக் மொழியிலே ‘ட்ரெஸோர்’ என்றால் பெட்டகம் என்பது பொருள். 2014ஆம் ஆண்டிலே பிராக் நகரிலிருந்து இப்பெயருடன் ஒரு சிறு கருவி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அக்கருவிக்குள் பொன்னும் இல்லை, பணமும் இல்லை. ஆயினும் உலகின் பல பாகங்களிலும் உள்ளோர் தம் செல்வத்தை அதனிடம் நம்பி விட்டிருக்கின்றனர். அந்த நம்பிக்கையின் வரலாற்றையும் அதற்கு நேர்ந்த சோதனைகளையும் இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

சட்டோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ‘பிட்கொயின்’ என்னும் நாணயத்தின் திட்டம் வெளியிடப்பட்டது. அடுத்த ஜனவரியிலே அது நடைமுறைக்கு வந்தது. இந்நாணயத்துக்கு வங்கி இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தனர் என்ற கணக்கு ஆயிரக்கணக்கான கணினிகளிலே பகிரங்கமாகப் பதிந்திருக்கும். ஒரு தொகையை இடம் மாற்றும் உரிமையோ, மிக நீண்ட ஓர் இரகசிய எண்ணை அறிந்தவருக்கே உண்டு. அந்த எண்ணே திறவுகோல். அதைக் களவாடியவன் பணத்தைக் களவாடியவனாவான். அதைத் தொலைத்தவன் பணத்தையே தொலைத்தவனாவான். போய் முறையிடுவதற்கு ஒரு முகாமையாளரும் இல்லை.

பிராக் கருவியை ஆக்கியோருள் ஒருவரான மாரெக் பலாட்டினுஸ் இதனைப் பட்டறிந்தவர். 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, அவர் வாடகைக்கு அமர்த்தியிருந்த கணினியிற் கள்வர் புகுந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிட்கொயின்களைக் கவர்ந்து சென்றனர். அவரும் பாவொல் ருஸ்னாக்கும் சேர்ந்து, திறவுகோல் வெளியே வராத தனிக் கருவியொன்றை அமைத்தனர். பணம் அனுப்ப வேண்டுமாயின், கணினி அந்த ஆணையைக் கருவிக்குக் கொடுக்கும். கருவி அதனைத் தன் சிறு திரையிற் காட்டும். உரியவர் பொத்தானை அழுத்தினால், உள்ளேயே ஒப்பமிட்டு ஒப்பத்தை மட்டும் திருப்பித் தரும். அதே 2014இல் டோக்கியோவிலிருந்த மவுண்ட் கொக்ஸ் என்னும் நாணய மாற்று நிலையம், ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிட்கொயின்கள் காணாமற் போயின என்று கூறி முறிந்தது. பிறர் கையில் ஒப்படைக்க அஞ்சியோர் இத்தகைய கருவிகளை நாடினர். பிரான்சின் லெட்ஜர் கொம்பனியும் 2016இலே ‘நானோ எஸ்’ என்ற கருவியை வெளியிட்டது.

கருவி உடைந்தால் என் செய்வது? இதற்கு 2013இலேயே ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. 2048 எளிய ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி தெரிந்து கொடுக்கும். அவற்றை வரிசை பிறழாமல் தாளில் எழுதி வைத்தால், வேறொரு கருவியிலே செல்வம் முழுவதையும் மீட்கலாம். அந்தத் தாளைக் கண்ட பிறரும் மீட்கலாம் என்பதுதான் இதிலுள்ள இடர்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் மார்க் ஃபிரவுன்ஃபெல்டருக்கு நேர்ந்தது வேறு வகை. 2016 ஜனவரியில் அவர் 7.4 பிட்கொயின்கள் வாங்கினார். 24 சொற்கள் எழுதிய தாளை, வீட்டைத் துப்புரவு செய்ய வந்தோர் குப்பையென எறிந்துவிட்டனர். கருவியின் இரகசிய இலக்கமும் அவருக்கு மறந்துபோயிற்று. தவறாக அழுத்துந்தோறும் காத்திருக்க வேண்டிய நேரம் இரட்டித்துக்கொண்டே போகும். ஆக்கியவர்களிடமும் மாற்றுத் திறவுகோல் கிடையாது. அதுவே இதன் சிறப்பு. மறதியைப் போக்க அவர் அறிதுயில் நிபுணரையும் நாடினார். ஈற்றில் 2017இலே, மென்பொருளிலிருந்த குறையொன்றை அறிந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் உதவியாற் பணம் மீண்டது. அவன் நுழைந்த வழியாற் கள்வனும் நுழையலாமல்லவா? அவ்வழி அடைக்கப்பட்டுவிட்டது.

கருவி காத்தாலும், அதை வாங்கியோரின் பெயர்ப்பட்டியலைக் காப்பது யார்? 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லெட்ஜரின் விற்பனைப் பதிவேடு களவு போயிற்று. விரிவான விபரம் வெளியானோர் ஏறத்தாழ 9,500 பேர் என்றே முதலில் அறிவித்தனர். டிசம்பரிலே பட்டியல் பகிரங்கமானபோது, 272,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் அதிற் காணப்பட்டன. திறவுகோல் ஒன்றேனும் களவு போகவில்லை என்பது உண்மையே. எனினும், எந்த வீட்டிற் பெட்டகம் உண்டு என்று ஊரெல்லாம் அறிந்த பின் வீட்டாருக்கு உறக்கம் ஏது? பயமுறுத்தும் செய்திகள் வந்தன. 2021இலே சிலருக்குப் போலிக் கருவிகள் தபாலில் வந்து சேர்ந்தன. பழையதை விடுத்து இதனைப் பாவிக்குக என்ற கடிதமும் உடன் இருந்தது.

2023 மே மாதத்திலே அதே கொம்பனி, தாளைத் தொலைப்போருக்கென ஒரு சந்தாச் சேவையை அறிவித்தது. திறவுகோலின் மூலத்தை மூன்று கூறாக்கி மூன்று நிறுவனங்களிடம் வைப்பது அதன் முறை. விருப்பமுள்ளோருக்கு மட்டுமே என்றனர். ‘வெளியே வராது என்று நாம் நம்பியது வரவுங் கூடுமா?’ என்று பாவனையாளர் கொதித்தெழுந்தனர். அவர்களுடைய சினம் நியாயமானதே என்பது என் எண்ணம். சேவை ஒத்திவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் ஆரம்பமாயிற்று.

பிராக் நிறுவனமும் தப்பவில்லை. 2024 ஜனவரியில், அதன் உதவிப் பிரிவுக்காக வேறொரு நிறுவனம் நடத்திய தளத்தினுள் அந்நியர் புகுந்தனர். 2021 டிசம்பர் முதல் ஐயம் கேட்டு எழுதிய ஏறத்தாழ 66,000 பேரின் விபரங்கள் அவர் கைக்கு எட்டக்கூடியனவாயின. அவர்களுள் 41 பேருக்கு, உதவியாளர் எழுதியது போன்ற மின்னஞ்சல் சென்றது. அதிலே கேட்கப்பட்டவை அந்த மீட்புச் சொற்களே.